11.08 முதல் 1.08 வரை: நீலகிரி மலைப்பாதையில் ஒரு மதுபோதை வாகன வழக்கு

பயிற்சிக் காவலர்களுக்காக எழுதப்பட்ட நிகழ்வு ஆய்வு இது. சம்பவ இடம், நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் இரண்டு பாதைகளில் ஒன்று. எந்தப் பாதை, எந்த நிலையம், எந்த மருத்துவமனை என்பது வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது. ஆட்களின் பெயரும் அப்படியே. வழக்கின் உயிர் நேரத்தில் இருப்பதால் நேரங்கள் மட்டும் நிமிடக் கணக்கில் தரப்பட்டுள்ளன.

இதில் யாரும் சாகவில்லை, வண்டி எதிலும் மோதவும் இல்லை. பயிற்சிக்கு இதைத் தேர்ந்ததும் அதனால்தான். விபத்து நடந்த வழக்கில் ரத்தமும் கூட்டமும் நடைமுறைப் பிழைகளை மறைத்துவிடும். இங்கே பிழைகள் தனியாகத் தெரிகின்றன.

பின்னணி

டிசம்பர் மாதம், வாரநாள் இரவு. தோட்டத்தில் பிடுங்கிய காரட் கழுவும் ஷெட்டுக்கு வந்து, கழுவி மூட்டை பிடித்து, இரவோடு இரவாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். அன்று ஷெட்டில் கழுவும் இயந்திரம் பழுது. மாலை 5 மணிக்கு ஏற வேண்டிய லோடு 9.30க்குத்தான் ஏறியது. பிக்கப் ஓட்டுநர், நாற்பதை ஒட்டிய வயது, நான்கரை மணி நேரம் ஷெட் வாசலில் குளிரில் காத்திருந்தார். உடன் 19 வயதுக் கிளீனர். ஓட்டுநருக்குக் கூலி நடைக் கணக்கில். காத்திருந்த நேரத்துக்குக் காசில்லை.

‘குளிருக்குக் கொஞ்சம்’ என்பது மலையில் நியாயம்போலவே சொல்லப்படும். மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. தோல் சூடாவதால் உடம்பு கதகதப்பதாகத் தோன்றும். உண்மையில் உள்ளுடம்பின் வெப்பம் அந்த வழியாக வெளியேறுகிறது. வண்டி ஓட்டுபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் போகிறது. கை கால் அரை வினாடி தாமதித்தால் ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் அந்த ஐந்தரை மீட்டர் தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம்.

தணிக்கையில் இருந்தவர்கள் ஓர் எஸ்.ஐ., ஓர் ஏட்டு, ஒரு காவலர், ஒரு பயிற்சிக் காவலர். ஜீப் ஒன்றே. அதுவும் இரவு 10 மணிக்கு, மேலே காட்டுமாடு குறுக்கே வந்து ஒரு கார் சாக்கடையில் இறங்கியதென்று அழைப்பு வர, காவலரோடு போயிருந்தது. சாவடியில் மீதி மூன்று பேர். வெப்பநிலை 6 டிகிரி. மூடுபனி.

தடுப்பு வைத்திருந்த இடம் சரியான இடம். வளைவு முடிந்ததும் தடுப்பை வைத்தால் இறங்கி வரும் வண்டிக்கு அது தெரியும்போது தூரம் போதாது; பிரேக் சூடேறிய வண்டியாக இருந்தால் தடுப்போடு சேர்த்துக் காவலரையும் அடித்துக்கொண்டு போகும். இங்கே தடுப்பு வளைவிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் தள்ளி, சாலை சற்றுச் சமமாகும் இடத்தில் இருந்தது. வண்டியை ஒதுக்கியது மலைப்பக்கம், பள்ளத்துப் பக்கம் அல்ல.

இரவு 10.38: நிறுத்தம்

வண்டி வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வந்தது. டார்ச்சை ஆட்டியும் தாமதமாக நின்றது. முன்சக்கரம் தடுப்பை ஒட்டி நின்றபோது பிரேக் லைனிங் எரியும் வாடை. கியர் நியூட்ரலில் இருந்தது. கண்ணாடியை இறக்கியதும் மது வாடை. ஓட்டுநரின் கண் சிவந்திருந்தது; ஆர்.சி. புத்தகத்தை எடுக்கப் போய் மண்டி ரசீதை நீட்டினார்.

ஏட்டு முதலில் செய்தது சாவியை எடுத்தது. அடுத்து வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வண்டி தானாக உருண்டு போவது சரிவில் நடக்கக்கூடியதே.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 203ஆம் பிரிவு, சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கும்போதுதான் ஊதச் சொல்ல அதிகாரம் தருகிறது. ‘வழக்கமான தணிக்கை’ என்று எழுதினால் அது காரணமாகாது. நடுக்கோடு தாண்டியது, தாமதமாக நின்றது, வாடை, கண், ரசீது என ஐந்தையும் எஸ்.ஐ. குறிப்பேட்டில் 10.40க்கே எழுதினார். ஊதும் கருவி என்ன சொல்லும் என்று தெரிவதற்கு முன்பே எழுதப்பட்ட அந்த ஐந்து வரிகள் பின்னால் நீதிமன்றத்தில் நின்றன.

10.46: முதல் ஊதல்

கருவி சாவடியின் இரும்பு மேசைமேல் கிடந்தது. திறந்ததும் சென்சார் குளிர்ந்திருப்பதாகக் காட்டி நின்றுவிட்டது. இத்தகைய கருவிகளில் மதுவை உணர்வது எரிபொருள் மின்கலம். அது குறிப்பிட்ட சூட்டுக்கு வராமல் அளவு எடுக்காது, பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கும். ஏட்டு கருவியைச் சட்டையின் உள்பையில் ஐந்து நிமிடம் வைத்திருந்தார். இது தந்திரம் ஒன்றுமில்லை. மலையில் பனிக்காலம் முழுக்கக் கருவி இருக்க வேண்டிய இடமே அதுதான்.

அடுத்த தடங்கல், கருவி தன் சுற்றுக்காற்றைச் சோதித்துச் சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் சுழியம் வரவில்லை. பயிற்சிக் காவலர் சற்று முன்தான் சானிடைசர் போட்டுக் கை துடைத்திருந்தார். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான். கருவியை ஏட்டு வாங்கிப் பிடித்துக் காற்றில் தள்ளி வைத்ததும் சுழியம் வந்தது. இதனால்தான் வண்டிக் கேபினுக்குள்ளும் ஊதச் சொல்லக் கூடாது. உள்ளே சிந்திய மதுவின் ஆவி நிற்கும்.

உறையைப் பிரிக்காத புதிய வாய்க்குழலை ஓட்டுநர் கண்முன் பிரித்து மாட்டினார்கள். 10.46க்கு ஊதினார். அளவு 142, அதாவது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 142 மில்லி கிராம் ஆல்கஹால்.

பயிற்சிக் காவலர் உடனே சலானுக்கு எழுதப் போனார். அப்போது கிளீனர் மெல்லச் சொன்னான்: “மேல வளைவுலதாங்க கடைசி மடக்கு குடிச்சாரு. பாட்டில் சீட்டுக்கடில இருக்குதுங்க, பத்து ரூபாய்க்குத் திருப்பிக் குடுக்கலாம்னு வெச்சிருக்கோம்.” காலி மதுப்பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் நீலகிரியில் 2022 முதல் நடப்பில் உள்ளது. அதற்காகவே மலையில் பாட்டில் எறியப்படாமல் வண்டியிலேயே கிடக்கும். சாட்சியும் அங்கேயே கிடக்கும்.

வாயில் ஈரமாக மது இருக்கும்போது கருவி நுரையீரல் காற்றை மட்டும் அளப்பதில்லை, வாயில் இருப்பதையும் சேர்த்து அளக்கும். ரத்தத்தில் இருப்பதைவிட அளவு பல மடங்குகூடக் கூடிவிடும். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், வாந்தி, ஏப்பம் எல்லாவற்றிலும் இதே சிக்கல் உண்டு. எஸ்.ஐ. எடுத்த முடிவு காத்திருப்பது. 10.47 முதல் 16 நிமிடம் ஓட்டுநரைச் சாவடிக்குள் பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீரோ பீடியோ எதுவும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஏட்டை எதிரில் உட்காரவைத்தார். யார் கவனித்தார், எந்த நிமிடம் முதல் எந்த நிமிடம் வரை என்பதும் குறிக்கப்பட்டது.

“எதுக்குங்க சார் இவ்வளவு? ஆயிரம் ரூவா ஃபைன் போட்டு விட்ருங்க, மண்டி போயிரும்” என்றார் ஓட்டுநர். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய 185ஆம் பிரிவுக் குற்றத்தை இடத்திலேயே சமரசக் கட்டணம் வாங்கி முடிக்க முடியாது. 200ஆம் பிரிவின் பட்டியலில் அது இல்லை. தண்டனை விதிப்பது நீதிமன்றம் மட்டுமே. பயிற்சியில் இருப்பவர்களுக்கு இ-சலான் கருவி கையில் இருப்பதால் எல்லாவற்றையும் அதிலேயே முடிக்கலாம் என்ற எண்ணம் வருகிறது. வரக் கூடாது.

11.03: இரண்டாம், மூன்றாம் ஊதல்

11.03க்கு அளவு 68. மூன்று நிமிட இடைவெளி விட்டு, புதிய வாய்க்குழலில் 11.06க்கு 66. இரண்டும் ஒத்துப்போவதால் நம்பலாம்.

வரம்பு 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லி கிராம். அதைத் தாண்டினால் குற்றம். கருவி சரியாகவே இருந்தும் ஆள் ஏமாறும் இடம் அலகு. சில கருவிகள் ரத்த அளவைக் காட்டும், சில ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் எத்தனை மில்லி கிராம் என்று காட்டும். மூச்சுக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதம் 1:2100 என்று கொள்ளப்படுவதால், ரத்தத்தில் 30 என்பது மூச்சுக்காற்றில் ஏறத்தாழ 0.14. மூச்சு அளவு காட்டும் கருவியில் 0.29 என்று பார்த்து ‘முப்பதுக்குக் கீழ்’ என்று ஓட்டுநரை அனுப்பினால், ரத்தத்தில் 60 உள்ளவரை மலையிறக்கத்தில் விட்டதாக அர்த்தம்.

ஓட்டுநர் ‘ஒரு கட்டிங்தான்’ என்றார், அதாவது 90 மில்லி. இந்தியாவில் விற்கும் பிராந்தி பொதுவாக 42.8 சதவீதம். 90 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 30 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதை ஒரே மூச்சில் குடித்து, உடம்பு சிறிதும் எரிக்காதிருந்தால்கூட அளவு 70ஐ ஒட்டித்தான் வரும். இவர் ஏழு மணிக்குத் தொடங்கியதாகச் சொன்னார். உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 எரிக்கும். நான்கு மணி நேரத்தில் 60 போய்விடும். அதற்குப் பிறகும் 68 நிற்கிறது என்றால் குவார்ட்டரில் பெரும்பங்கு உள்ளே போயிருக்கிறது. இந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கு அல்ல. ‘கட்டிங்’ என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று காவலர் தெரிந்துகொள்வதற்கு.

11.08க்குக் கைது. காரணம் சொல்லப்பட்டது, அவர் கேட்டபடி மனைவிக்குத் தகவல் போனது. கிளீனர் முன்னிலையில் மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) எழுதிப் பாட்டில் கைப்பற்றப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கேட்கும் வீடியோ பதிவும் கைப்பேசியில் எடுக்கப்பட்டது.

கிளீனர் மீது 188ஆம் பிரிவில், அதாவது உடந்தை என்று, வழக்குப் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. 2022இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை உடன் பயணிப்பவர்மீதும் இந்தப் பிரிவைப் பயன்படுத்தத் தொடங்கியது பயிற்சிக் காவலருக்குத் தெரிந்திருந்தது. எஸ்.ஐ. வேண்டாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் தூண்டுதல் ஆகாது. தினக்கூலிப் பையன் தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் சாவியைப் பிடுங்க முடியாது. மேலும் அவன்தான் நேரடிச் சாட்சி. இது சரியான முடிவு.

இரண்டு மணி நேரம்

202ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: 185ஆம் பிரிவில் கைதானவர் கைதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். கெடு 1.08.

11.08க்குக் கையில் முழுதாக 120 நிமிடம் இருந்தது. அது போன விதம் இது. ஜீப் திரும்பி வர 11.40 ஆனது: 32 நிமிடம். நிலையத்துக்கு 18 நிமிடம். 203ஆம் பிரிவின்படி நிலையத்திலும் ஒருமுறை ஊத வாய்ப்புத் தரப்பட்டது, 12.04க்கு 54. மணிக்கு 15 என்ற கணக்கோடு அது பொருந்துகிறது. அதன்பின் ரைட்டர் (நிலைய எழுத்தர்) கைதுக் குறிப்பு, மருத்துவருக்கு மெமோ எல்லாம் தட்டச்சு செய்து, பிரிண்டரில் தாள் சிக்கி, வண்டி கிளம்பியது 12.31க்கு. நிலையத்துக்குள்ளேயே 33 நிமிடம். மருத்துவமனை 22 கி.மீ. தொலைவு. பகலில் 35 நிமிடப் பாதை; மூடுபனியில் 48 நிமிடம். 1.19க்குத்தான் வாசல்.

பனியையும் காட்டுமாட்டையும் குறை சொல்லிப் பயனில்லை, அவை மலையின் இயல்பு. குழுவின் கையில் இருந்தது அந்த 33 நிமிடம். நிலையத்தில் ஊதவைத்து எழுத ஐந்து நிமிடம் போதும். மெமோவைக் கையால் எழுதியிருந்தால் 12.05க்குக் கிளம்பி 12.53க்குச் சேர்ந்திருக்கலாம்.

இன்னொரு வழி யாருக்கும் தோன்றவில்லை. சட்டம் ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்கிறது, அரசு மருத்துவமனை என்று சொல்லவில்லை. சாவடியிலிருந்து 6 கி.மீ. தொலைவில் தேயிலைத் தோட்ட மருத்துவமனை ஒன்று உண்டு. மருத்துவர் தோட்டக் குடியிருப்பிலேயே இருப்பவர். நீலகிரியில் பெரிய தோட்டங்கள் பலவற்றில் இப்படி உண்டு. அழைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்பது வேறு. அழைக்கவில்லை என்பதுதான் பதிவு.

1.08: சாலையில்

கெடு முடிந்தபோது ஜீப் நடுவழியில். எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். பயிற்சிக் காவலர் கேட்டது: “கேஸ் போச்சுங்களா சார்?”

போகவில்லை. பலருக்கும் இங்கே குழப்பம். கெடு தவறினால் போவது காவலில் வைக்கும் உரிமை. குற்றம் அப்படியே இருக்கிறது. ஊதல் முடிவு சாட்சியமாக ஏற்கத்தக்கது என்று 203ஆம் பிரிவே சொல்கிறது. அதோடு, முதல்முறைக் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஆறு மாதம் என்பதால் இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். பரிசோதனை முடிந்தாலும் அன்றிரவே பிணையில் போயிருப்பார்.

எஸ்.ஐ. அந்த இடத்திலேயே “நீங்க இப்போ காவல்ல இல்ல” என்று ஓட்டுநரிடம் சொல்லி, 1.10 என்று நேரம் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினார். 6 டிகிரிக் குளிரில், மது அருந்திய ஆளை மலைச்சாலையில் இறக்கிவிட முடியாது. எனவே இரண்டு வழி சொன்னார்: விருப்பம் இருந்தால் மருத்துவமனை, இல்லையென்றால் ஜீப்பிலேயே வீடு. ஓட்டுநர் மருத்துவமனைக்கு வருவதாகச் சொன்னது வீடியோவில் பதிவானது. நேரத்தைத் திருத்தி 1.05க்குச் சேர்ந்ததாக எழுதுவது எளிது. மருத்துவமனைப் பதிவேட்டில் வேறு நேரம் இருக்கும், அப்போது வழக்கு உண்மையிலேயே போகும். எஸ்.ஐ. அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது இந்த நிகழ்வின் சிறந்த பகுதி.

1.35: மருத்துவர்

பணி மருத்துவர் பிரசவ அறையிலிருந்து வர 1.35 ஆனது. உடல் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட ஓட்டுநர் ரத்தம் தர மறுத்தார். காவலில் இல்லாதவர், வற்புறுத்தவில்லை.

எடுத்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. 11.03க்கு 68, இரண்டரை மணி நேரத்தில் 38 குறைந்திருக்கும். மீதி 30. சட்டம் கேட்பது முப்பதைத் ‘தாண்டிய’ அளவு. மலையில் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் குப்பியில் இருக்க வேண்டிய சாட்சியத்தை ஓட்டுநரின் கல்லீரல் கரைத்துக்கொண்டிருக்கிறது.

எடுக்கும் வழக்குகளுக்காக இதைச் சேர்க்க வேண்டும்: ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது, ஆல்கஹால் கலக்காத அயோடின் கரைசலோ சோப்பு நீரோ போதும். சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் உள்ள சாம்பல்நிற மூடிக் குழாயில் எடுக்க வேண்டும். ஃபுளோரைடு இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து இல்லாத ஆல்கஹாலை உண்டாக்கலாம், இருப்பதைத் தின்றும் விடலாம். குழாயை நிறைத்து, தலைகீழாகச் சில முறை மெல்லத் திருப்பி, முத்திரையிட்டு, 4 டிகிரியில் வைத்து, தடய அறிவியல் ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் கையில் எப்போது இருந்தது என்று எழுத வேண்டும். குழாயை ஜீப்பின் டேஷ்போர்டில் வைத்துக் கொண்டுபோய், சமவெளி வெயிலில் வேகவைத்த கதைகள் உண்டு.

மருத்துவர் தந்த சான்றின் வாசகம்: ‘மது அருந்தியுள்ளார்; ஆனால் மதுவின் பிடியில் இல்லை.’ பயிற்சிக் காவலர் மறுபடி சோர்ந்தார். 185ஆம் பிரிவின் முதல் பகுதிக்கு ‘பிடியில்’ இருப்பது தேவையில்லை. சோதனையில் 30ஐத் தாண்டினால் போதும். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலை என்பது போதைப்பொருள் பற்றிய இரண்டாம் பகுதியில் வருவது. இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: ஊதலும் இல்லை, ரத்தமும் இல்லை, வாடையும் தள்ளாட்டமும் குழறலும் மட்டுமே என்றால் அதை வைத்து மது அருந்தியதாக முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே, ஒரு மதுவிலக்கு வழக்கில் சொல்லியிருக்கிறது.

இதற்கிடையில் வண்டி

வண்டியை என்ன செய்வது என்பது தனிச் சிக்கல். வாகனத்தைப் பிடித்து வைக்க அதிகாரம் தரும் 207ஆம் பிரிவில் 185ஆம் பிரிவுக் குற்றம் இல்லை. குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய முடியாது. உரிமம் உள்ள, குடிக்காத ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், ஆளில்லை என்றால் பாதுகாப்புக்காக நிலையத்தில் வைக்கலாம். தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் இதையே வலியுறுத்தியது.

உரிமையாளர் மாற்று ஓட்டுநரை அனுப்பினார். அவர் 12.50க்கு பைக்கில் வந்தார். சாவடியில் இருந்த ஏட்டு உரிமத்தைப் பார்த்துவிட்டு அவரையும் ஊதச் சொன்னார், ஊதினார். அளவு 22.

22 குற்றமல்ல. ஆனால் எப்போது குடித்தார் என்று கேட்டதற்கு ‘படுக்கப் போறப்ப, முக்கால் மணி நேரம் ஆச்சுங்க’ என்றார். குடித்த முதல் ஒரு மணி நேரத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கலாம். சாவடியில் 22 காட்டியவர் பத்து வளைவு தள்ளி 35இல் இருக்கலாம். ஏட்டு அவர்மீது வழக்குப் பேசவில்லை. உரிமையாளருக்கு மறுபடி போன் செய்து காரணத்தைச் சொல்லி, வேறொருவரை அனுப்பச் சொன்னார். உரிமையாளர் மண்டி போய்விடும் என்று கத்தினார். டிசம்பர்க் குளிரில் காரட் நாலு மணி நேரத்தில் கெடாது. போவது அன்றைய விலை. அதைச் சொல்லி ஏட்டு பொறுமையாகப் பேசினார். மூன்றாவது ஓட்டுநர், அளவு சுழியம், 4.40க்கு வண்டியை எடுத்தார். இறங்கும்முன் பிரேக் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாளும் அதன் பிறகும்

வழக்குக் கோப்பு கட்டும்போது ரைட்டர் ஒன்றைக் கவனித்தார். ஊதல் சீட்டுகளின் வரிசை எண்ணில் ஒன்று விடுபட்டிருந்தது. 142 காட்டிய முதல் சீட்டை, அது ‘தப்பு’ என்று நினைத்துப் பயிற்சிக் காவலர் கசக்கி எறிந்திருந்தார். அது அப்படியே நீதிமன்றம் போயிருந்தால் முதல் கேள்வி, மறைத்த சீட்டில் சுழியம் இருந்ததா என்பதுதான். கருவியின் நினைவகத்தில் பதிவு இருந்ததால் மறுபடி அச்செடுத்து, ஏன் அந்த அளவு நம்பத்தகாதது, ஏன் 16 நிமிடம் காத்திருந்தோம் என்பதைப் பொது நாட்குறிப்பில் எழுதிச் சேர்த்தார்கள். மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் அளவுதிருத்தச் சான்றும் இணைக்கப்பட்டன. பல கருவிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவுதிருத்தம் வேண்டும். இதற்குக் காலாவதியாக மூன்று வாரம்தான் மீதி இருந்தது.

உரிமம் 206ஆம் பிரிவின்படி ஒப்புகை கொடுத்துக் கைப்பற்றப்பட்டு உரிமம் வழங்கும் அதிகாரிக்குப் போனது. முதல் வாய்தாவில் ஓட்டுநர் குற்றத்தை மறுத்தார். வழக்கறிஞர் கேட்டது மூன்று: எல்லா ஊதல் பதிவுகளும், கருவியின் சான்று, இரண்டு மணி நேரக் கெடு. முதல் இரண்டும் கோப்பில் இருந்தன. மூன்றாவதுக்கு 1.10க்கு விடுவித்த குறிப்பு இருந்தது. இரண்டாவது வாய்தாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நடுவர் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறைக்கு இதுவே தொகை. அடுத்த முறை என்றால் 15,000 ரூபாயும் இரண்டு ஆண்டுவரை சிறையும் காத்திருக்கின்றன. உரிமம் விசாரணைக்குப் பின் மூன்று மாதம் தகுதியிழப்பு. அபராதத்தை உரிமையாளர் கட்டினார் என்று கேள்வி. மூன்று மாதச் சம்பளத்தை யாரும் கட்டவில்லை.

மாறியதும் மாற வேண்டியதும்

குழு தன் நடைமுறையில் மாற்றியது அதிகமில்லை. கைது செய்த நிமிடமே மருத்துவமனைக்குப் போன். எழுத்து வேலை மருத்துவமனை வராந்தாவில். மெமோப் படிவம் பத்துப் பிரதி முன்பே அச்சிட்டு ஜீப்பில். ஊதல் சீட்டு எந்த அளவு காட்டினாலும் கோப்பில், கசங்கியதுகூட. தணிக்கை இரவில் ஜீப் வேறு அழைப்புக்குப் போனால், அது திரும்பும்வரை நிலையத்து பைக் ரோந்து ஒன்று சாவடியில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். அது இன்னும் கிடைக்கவில்லை.

தடுப்பு வேலை சாவடியில் நடப்பதைவிட ஷெட் வாசலில் நடப்பதே பலன் தரும் என்பது இந்த வழக்கில் தெரிந்தது. கடைசி மடக்கைத் தவிர, ஓட்டுநர் குடித்ததில் பெரும்பங்கு இறங்கும் வழியில் அல்ல, காத்திருந்தபோது. அந்த ஷெட்டின் உரிமையாளரிடமும் லோடு புரோக்கர்களிடமும் எஸ்.ஐ. இரண்டு முறை போய்ப் பேசினார். லோடு தாமதமானால் முன்பே போன் செய்வது, காத்திருக்கும் ஓட்டுநர்களுக்குக் கதவுள்ள ஓர் அறை, இரவு முழுக்க ஃபிளாஸ்க்கில் டீ. அறை கிடைத்தது, டீ கிடைத்தது. போன் வருவதில்லை என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். காத்திருப்புக்குக் கூலி என்ற பேச்சு எடுபடவே இல்லை.

சாவடிச் சுவரில் இப்போது தோட்ட மருத்துவரின் எண் எழுதப்பட்டிருக்கிறது. நிலையத்தின் கைதுக் குறிப்பேட்டில் ‘கைது நேரம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கெடு முடியும் நேரம்’ என்று இன்னொரு கட்டம், கையால் கோடு போட்டு.